வடைக்குள் ஒரு வரிக் கணக்கு

பிரிக்பீல்ட்ஸில் மாலையில் வாங்கும் வடையில் நறுக்கிப் போட்ட வெங்காயம் பெரும்பாலும் இந்தியாவுடையது; பொரித்த செம்பனை எண்ணெய் நம்முடையது. இரண்டும் அரசாங்கங்களின் முடிவுகளில் சிக்கியவைதான்.

மலேசிய-இந்தியப் பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம் 2011 ஜூலை 1இல் நடப்புக்கு வந்தது. ஆனாலும், 2019இல் பிரதமர் மகாதீர் ஐ.நா.வில் காஷ்மீர் பற்றிப் பேசிய பின், 2020 ஜனவரியில் சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு விதித்தது.

வெங்காயத்துக்கோ எந்தப் பிணக்கும் தேவைப்படவில்லை. உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்த, 2023 ஆகஸ்டில் 40 விழுக்காடு ஏற்றுமதி வரியும் டிசம்பரில் முழுத் தடையும் வந்தன. 2024 மே மாதம் தடை நீங்கியது. வரி 2025 ஏப்ரல் 1இல்தான் முற்றாக விலகியது.

தடைக் காலத்திலும் இலங்கை, வங்காளதேசம் உட்பட ஆறு நாடுகளுக்கு 99,150 டன் அனுப்ப இந்தியா அனுமதித்தது. அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை.

சொந்த மக்களுக்கு முதலில் என்பதில் தவறில்லை. ஆனால், இறக்குமதி வரியைக் குறைத்துக்கொள்வது மட்டுமே நட்பாகாது. தட்டுப்பாட்டிலும் நமக்கொரு பங்கு உண்டு என்ற உறுதியையும் நம் பேச்சாளர்கள் கேட்டுப் பெற வேண்டும். கிள்ளான் தெங்கு கிளானா சாலை மளிகைக் கடைக்காரருக்கு அதுதான் உண்மையான ஒப்பந்தம்.