இழுத்தால் அறுகிற தையல்

திருப்பூர் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் டி-சர்ட் வாங்கி, பிரிந்த கழுத்துப்பட்டியை வீட்டு மிஷினில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். தைத்தபோது நேர்த்தியாகத்தான் இருக்கும். தலையை நுழைத்ததும் நூல் படபடவென்று அறும். துணி மட்டம், நூல் மட்டம் என்று திட்டுவார்கள். இழுபடும் துணிக்கு இழுபடாத தையல் போட்டதுதான் கோளாறு.

பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னியது, இழுத்தால் விரியும். சாதா மிஷினின் நேர்தையலில் மேல்நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே கோட்டில் கிடக்கின்றன. விட்டுக்கொடுக்க நூலில் மிச்சம் இல்லை. ஜிக்ஜாக்கில் ஊசி இடமும் வலமும் ஆடும். துணி 2 மி.மீ. நகர்வதற்குள் ஊசி 3 மி.மீ. பக்கவாட்டில் தாவினால், அந்த 2 மி.மீ. துணிக்கு ஏறக்குறைய 3.6 மி.மீ. நூல் செலவாகிறது. துணி விரியும்போது சாய்ந்த நூல் நிமிர்ந்துகொள்ளும். 1873-லேயே ஹெலன் பிளாஞ்சர்ட் என்ற பெண் அமெரிக்காவில் ஜிக்ஜாக் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

பாத்திரப் பட்டறைகளுக்கு நடுவே பனியன் கம்பெனிகளும் பெருகிவிட்ட அனுப்பர்பாளையத்தில், இழுபடும் துணியை இணைக்கும் வேலையைக் கம்பெனிக்குள் ஓவர்லாக், பேட்லாக் மிஷின்கள் பார்த்துக்கொள்கின்றன. ஜிக்ஜாக்குக்கு அங்கே உள்ளாடை எலாஸ்டிக் மாதிரி சில வேலைகள்தான். பாக்கெட் முனையில் கட்டையாக அடிக்கும் பார்டாக்கும் நெருக்கிப் போட்ட ஜிக்ஜாக்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வீட்டில் கதை வேறு. கம்பெனியில் பழகிய கை என்பதால் வீட்டுக்கும் ஓவர்லாக் வாங்கிப் போடுகிறார்கள். அது ஓரம் அடிக்கும், இணைக்கும். காஜா எடுக்காது, பட்டன் வைக்காது. முதல் மிஷின் ஒன்றுதான் என்றால் என் ஓட்டு ஜிக்ஜாக்குக்கே.

டி-சர்ட் இணைப்புக்கு அகலம் 1, நீளம் 2.5 வைத்தால் போதும்; அதிகம் வைத்தால் தையல் வாய் பிளந்து தெரியும். ஓரத்துக்கு ஊசி ஒரு குத்து துணியிலும் மறு குத்து விளிம்பை ஒட்டி வெளியிலும் விழ வேண்டும். எலாஸ்டிக்குக்கு மூன்று குத்தாகப் போகும் ஜிக்ஜாக் நல்லது. ஊசி பால்பாயின்ட்டாக இருக்கட்டும். கூர் ஊசி கண்ணியை அறுத்துவிடும், அந்த ஓட்டை ஒரு துவைப்பில் பெரிதாகும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நேர்தையலுக்கான ஒற்றைத் துளை பிரஷர் ஃபுட்டைக் கழற்றாமல் ஜிக்ஜாக்குக்கு மாற்றினால் ஊசி இரும்பில் இடித்து உடையும், சில்லு கண்ணுக்கும் தெறிக்கலாம். அகலத் துளை ஃபுட்டை மாட்டி, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு மிதியுங்கள்.