குளிரும் காற்றும் குளிர்காற்றும்

நுழையும்முன்

பெயர், வினை, இடை, உரி எனச் சொற்கள் நான்கு வகைப்படும். ஒரு சொல் எவ்வகையைச் சார்ந்தது என்பதை அதன் வடிவம் மட்டும் காட்டிவிடாது. தொடரில் அது செய்யும் பணியே காட்டும். வானிலையைக் குறிக்கும் சொற்கள் இதற்குத் தக்க சான்றுகள்.

தறிக்கூடத்தில் ஒரு தொடர்

கோவைக்குக் கிழக்கே, திருப்பூர் செல்லும் வழியில் அமைந்துள்ள சோமனூர் விசைத்தறிகளுக்குப் பெயர்பெற்றது. பருத்திநூல் ஈரப்பதத்தில் வலுப்பெறும். வறண்ட காற்றில் எளிதில் அறும். ஆகவே, வானிலை இங்கு வெறும் உரையாடற்பொருள் அன்று. அன்றைய உற்பத்தியையும் கூலியையும் அது பாதிக்கும்.

“காத்து காஞ்சு கெடக்குதுங்க, நூலு அறுந்துட்டே இருக்குதுங்க” என்கிறார் தறி ஓட்டுபவர். இதில் ‘காஞ்சு’ என்பது ‘காய்ந்து’ என்னும் வினையெச்சத்தின் பேச்சுவடிவம். அதே வினை ‘காய்ந்த நூல்’ என்னுமிடத்துப் பெயரெச்சமாகிறது. ‘அவரைக்காய்’ என்பதிலோ ‘காய்’ பெயர்ச்சொல்.

பெயரா, வினையா?

வேற்றுமை உருபை ஏற்பது பெயர். காலம் காட்டுவது வினை. ‘குளிரைத் தாங்கினான்’ என்பதில் ‘குளிர்’ பெயர். ‘நீர் குளிர்ந்தது’ என்பதில் அதுவே வினையின் பகுதி. ‘இடி இடித்தது’ என்னும் தொடரில் முன்னது முதனிலைத் தொழிற்பெயர், பின்னது வினைமுற்று. தூறு, மின்னு ஆகிய வினைகள் ‘அல்’ விகுதி பெற்றுத் தூறல், மின்னல் எனத் தொழிற்பெயர்களாகின்றன. எல்லாப் பெயர்களும் இவ்வாறு வினையாவதில்லை. ‘மழை’க்குப் ‘பெய்’ என்னும் வினையும் ‘வெயிலு’க்கு ‘அடி’, ‘காய்’ போன்ற வினைகளும் துணை வேண்டும்.

ஒற்று உணர்த்தும் வேறுபாடு

மழைக்காலம், பனிக்காலம் என்று எழுதும் நாம் ‘குளிர்காலம்’ என்பதில் ஒற்று இடுவதில்லை. மழை, பனி என்பன பெயர்கள். அவற்றின்பின் வல்லினம் மிகுந்தது. ‘குளிர்காலம்’ வினைத்தொகை, வினைத்தொகையில் வல்லினம் மிகாது. குளிர்காற்று என்பதையும் குளிர்ந்த காற்று, குளிர்கின்ற காற்று, குளிரும் காற்று என முக்காலத்திற்கும் விரிக்கலாம். சொல்வகையை அறியாதவர் இங்கு ஒற்றுப்பிழை செய்வர்.

இடையும் உரியும்

‘சில்லென்று வீசியது’ என்பதில் ‘என்று’ இடைச்சொல்; காற்றின் தன்மையை வினையோடு இணைக்கிறது. ‘மாமழை’ என்பதில் ‘மா’ உரிச்சொல். மழையின் மிகுதியை உணர்த்துகிறது.

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் மேல்காற்றையும், ஐப்பசியில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையையும் கொங்கு மக்கள் நாள்தோறும் பேசுகின்றனர். அப்பேச்சில் இலக்கணம் இயல்பாக இயங்குகிறது. அதைக் கண்டறிவதே நம் பணி.

கற்பவை கற்றபின்

1. ‘பனி பொழிந்தது’, ‘கண்கள் பனித்தன’ – இவற்றில் ‘பனி’யின் சொல்வகையை விளக்குக.
2. உங்கள் ஊரில் வழங்கும் வானிலைச் சொற்கள் ஐந்தைத் திரட்டி, பெயர், வினை எனப் பிரித்து எழுதுக.