எது முதலில் உடைய வேண்டும்?

சார்ஜர் வயரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்தான் லேப்டாப்பில் சார்ஜ் ஏறுகிறது. வேறு சார்ஜரை மாற்றிப் பார்த்தாலும் அதே கதை. அப்படியென்றால் கோளாறு வயரில் இல்லை. சார்ஜர் நுழையும் துளையில்தான் இருக்கிறது.

பழைய லேப்டாப்களில் இந்தத் துளை வட்டமாக இருக்கும். கடைக்காரர்கள் பவர் ஜாக் என்பார்கள். பல மாடல்களில் இந்த ஜாக்கை நேராக மதர்போர்டிலேயே ஈயப்பற்று வைத்துப் பொருத்தியிருப்பார்கள். மின்சாரத்தைக் கடத்துவதும் அந்த நாலைந்து பற்றுகள்தான், வயரின் இழுப்பைத் தாங்குவதும் அவைதான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சார்ஜர் பின்னோ கடப்பாரையைப் போல வேலை செய்கிறது: முனையில் லேசாக அழுத்தினாலும் அடியில் அது பல மடங்காகிறது. மடியில் வைத்திருக்கும்போது அந்தப் பின் நம் தொடையில் முட்டுகிறது. செருகிய வயரோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறோம். ஒவ்வொரு முறையும் ஈயம் அசைகிறது. நாளடைவில் அதில் மயிரிழை விரிசல் விழும். விரிசல் விழுந்த இடத்தில் மின்தடை கூடும், சூடு ஏறும், சூட்டில் பற்று மேலும் தளரும். பக்கத்துப் பிளாஸ்டிக் கருகிய பிறகுதான் பலருக்கு விஷயமே தெரியவருகிறது.

இதற்கு ஒரு நல்ல விடை ஜப்பானியச் சமையலறையில் ஏற்கெனவே இருந்தது. அங்கே வெந்நீர் வைக்கும் மின்பாத்திரங்களின் வயர் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். குழந்தையின் கால் தடுக்கினால் வயர் மட்டும் கழன்று விழும், கொதிநீர் கவிழாது. 2006 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் மேக்புக் ப்ரோவில் மேக்சேஃப் என்ற பெயரில் காந்த இணைப்பைக் கொண்டுவந்தது. 2016இல் மேக்புக் ப்ரோவிலிருந்து அதை நீக்கி, 2021இல் திரும்பவும் சேர்த்தது. நீக்கியிருக்கவே கூடாது என்பது என் எண்ணம்.

இன்று பெரும்பாலான புது லேப்டாப்களில் இருப்பது யு.எஸ்.பி சி. இதில் காந்தம் இல்லை. ஆனால் அழகான ஒரு யோசனை இருக்கிறது. பழைய யு.எஸ்.பியில் தேய்ந்து தளரக்கூடிய வில்தகடுகள் கணினியின் துளைக்குள் இருந்தன. சி வகையில் அவற்றை வயரின் முனைக்கு மாற்றிவிட்டார்கள். தேய்ந்தால் வயர் தேயட்டும் என்பதுதான் கணக்கு. 10,000 முறை செருகி எடுத்தாலும் தாங்க வேண்டும் என்பது விதி. அதே விதிமுறையில் நெம்புச் சோதனை ஒன்றும் உண்டு. 0.75 நியூட்டன் மீட்டர் வரை, அதாவது பத்து சென்டிமீட்டர் நீளக் கம்பியின் முனையில் முக்கால் கிலோவைத் தொங்கவிட்டது போன்ற விசை வரை, இரண்டு பக்கத்துக்கும் சேதம் வரக்கூடாது. மேலும் கீழுமாக 2 நியூட்டன் மீட்டரில் நெம்பினால் வயரின் முனை கழன்றுவிட வேண்டும், அல்லது அதுவே உடைந்துவிட வேண்டும். முதலில் போக வேண்டியது விலை குறைந்த பொருள்தான் என்று எழுதியே வைத்துவிட்டார்கள்.

தரமற்ற வயரில் இந்தக் கணக்கு தலைகீழாகும். முனை உடையாமல் விறைத்து நின்றால், துளைக்குள் இருக்கும் மெல்லிய நாக்கு உடையும். சந்தையில் கிடைக்கும் காந்த அடாப்டர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை யு.எஸ்.பி விதிமுறைக்குள் வராதவை. 20 வோல்ட்கூட வரக்கூடிய முனைகள் திறந்தபடி இருக்கின்றன, ஓர் இரும்புத்துகள் ஒட்டினாலே ஷார்ட் ஆகலாம்.

எல் வடிவ முனையுள்ள நல்ல வயர் வாங்கினால் நெம்பும் நீளம் குறைந்துவிடும். கழற்றும்போது வயரை இழுக்காமல் முனையைப் பிடித்து நேராக எடுங்கள். முனை முழுதாக உள்ளே போகவில்லையா? பெரும்பாலும் பஞ்சும் தூசியும் அடைத்திருக்கும். லேப்டாப்பை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். ஊக்கு, ஊசி வேண்டாம். புது லேப்டாப் வாங்கும்போது, சார்ஜிங் துளை தனிப் பலகையில் இருக்கிறதா, மதர்போர்டிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். தனியாக இருந்தால் பின்னாளில் அந்தச் சிறு பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வயரைச் சாய்த்துப் பிடித்துச் சார்ஜ் ஏற்றும் நிலை ஏற்கெனவே வந்துவிட்டதென்றால், அப்படியே ஓட்டாமல் இந்த வாரமே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.