எவர்சில்வர் புரொப்பெல்லரில் கீறல் எடுப்பது எப்படி?

ஆனையூர்ல உட்கார்ந்துக்கிட்டு படகு புரொப்பெல்லர் பத்தி எழுதுறியேன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான், ராமேஸ்வரம் கடல் இங்கிருந்து சுமார் 170 கிலோமீட்டர். ஆனா புரொப்பெல்லர்ல கீறல் எடுக்கிறதும், உங்க வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுல கீறல் எடுக்கிறதும் அடிப்படையில ஒரே வேலை. இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதாவது நம்ம எவர்சில்வர். தட்டுல தப்பு நடந்தா தட்டோட போச்சு. புரொப்பெல்லர்ல நடந்தா கதை வேற.

எல்லாப் படகிலும் எவர்சில்வர் புரொப்பெல்லர் இருக்காது. அலுமினியம் உண்டு, வெண்கலமும் உண்டு. பாத்திரக் கடையில நம்ம ஆளுங்க காந்தம் வெச்சுப் பார்க்கிற மாதிரி இதுல பார்த்து ஏமாறாதீங்க. நல்ல தட்டு 304 வகை, அதுல காந்தம் சரியா ஒட்டாது. புரொப்பெல்லருக்குப் பயன்படுத்துற 17-4 பிஹெச் மாதிரி வகைகள்ல நல்லாவே ஒட்டும். ஒட்டினா டூப்ளிகேட்னு அர்த்தம் இல்லை.

இப்போ விஷயத்துக்கு வருவோம். கீறல்ங்கிறது அழுக்கு இல்லை, பள்ளம். அதைத் துடைச்சு எடுக்க முடியாது. சுத்தி இருக்கிற உலோகத்தை அந்தப் பள்ளத்தோட அடிமட்டம் வரைக்கும் தேய்ச்சு இறக்கணும். தேய்க்கிற தாளும் கீறல்தான் போடும். ஆனா அடுத்தடுத்து நைசான தாள் போட்டா கீறலும் சின்னதாகிக்கிட்டே போய், கடைசியில கண்ணுக்குத் தெரியாது. பாலிஷ்ங்கிறது இவ்வளவுதான்.

பெயின்ட் கடையில 'வாட்டர் பேப்பர்'னு கேட்டா கறுப்புத் தாள் கொடுப்பாங்க. பி240 தாள்ல இருக்கிற துகள் சராசரியா 58 மைக்ரான், பி400-ல 35, பி800-ல 22, பி1200-ல 15. கீறல் மேல நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டினா 240-ல ஆரம்பிங்க. மாட்டலைன்னா 600-ஏ போதும். தண்ணியில ஒரு சொட்டு சோப்பு விட்டு, நனைச்சுத்தான் தேய்க்கணும். ஒவ்வொரு தாளுக்கும் திசையை 90 டிகிரி மாத்துங்க. பழைய கோடு குறுக்கே தெரிஞ்சா அந்தத் தாளோட வேலை இன்னும் முடியலைன்னு அர்த்தம். பொறுமை இல்லாம 240-லிருந்து நேரா 1200-க்குத் தாவினா, பளபளப்புக்கு நடுவுல ஆழமான கோடு அப்படியே பல்லைக் காட்டும்.

கடைசியில துணிச் சக்கரம், அதாவது பஃப். அதுல பச்சைக் கட்டி தடவுவாங்க. அந்தப் பச்சை குரோமியம் ஆக்சைடு. ஒரே இடத்துல அழுத்திப் பிடிக்காதீங்க. அலுமினியத்தோட ஒப்பிட்டா எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துறதுல ரொம்ப மந்தம். அதனால அந்த இடம் மட்டும் சூடாகி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்துக்கு அடியில குரோமியம் குறைஞ்சிருக்கும், உப்புத் தண்ணி முதல்ல அங்கதான் கடிக்கும்.

புரொப்பெல்லர்ல தனியா கவனிக்க வேண்டியது இறக்கையோட ஓரங்கள். 14 அங்குல விட்டம், நிமிஷத்துக்கு 2500 சுற்றுன்னு வெச்சுக் கணக்குப் போடுங்க. நுனி வேகம் விநாடிக்கு 46 மீட்டருக்கு மேல, மணிக்கு கிட்டத்தட்ட 167 கிலோமீட்டர்! தண்ணியை முதல்ல வெட்டுற முன் ஓரத்துல ஒரு சின்ன வெட்டு இருந்தாலே அங்க அழுத்தம் குறைஞ்சு நீராவிக் குமிழ் உருவாகும். அந்தக் குமிழ் உடையிற அடியில உலோகமே பொரிஞ்சு போகும். இதுதான் நாம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்ச கேவிட்டேஷன். பின் ஓரத்துல சில மாடல்கள்ல லேசா ஒரு வளைவு இருக்கும், 'கப்'னு சொல்வாங்க. அது அடிபட்ட நெளிவுன்னு நினைச்சு தேய்ச்சு எடுத்துட்டா புரொப்பெல்லரோட பிடிமானம் போயிடும், இன்ஜின் வெறுமனே வேகமா சுத்தும். ஒரு இறக்கையில மட்டும் அதிகமா தேய்ச்சா பேலன்ஸ் போய் அதிரும், அந்த அதிர்வு ஷாஃப்ட் பேரிங்கைத் தின்னும். அதனால ஓரத்துல கை வைக்காதீங்க, இறக்கையோட பரப்புல மட்டும் வேலை பாருங்க. நகத்துக்கே மாட்டாத மயிரிழைக் கோடுகளால படகோட வேகம் குறையாது. அதை எடுக்கிறது அழகுக்குத்தான்னு நான் சொல்வேன். இறக்கை வளைஞ்சிருந்தா, வெடிச்சிருந்தா, ஓரம் பிஞ்சிருந்தா அது பாலிஷ் வேலையே இல்லை, ரிப்பேர் கடைக்குப் போகணும்.

அடுத்தது பலரும் கோட்டை விடுற இடம். எவர்சில்வர் துருப்பிடிக்காம இருக்கக் காரணம் மேல இருக்கிற, சில நானோமீட்டர் தடிமனே உள்ள குரோமியம் ஆக்சைடு படலம். சாதாரண இரும்புக் கம்பி பிரஷ்ஷோ, இரும்பு நாரோ போட்டுத் தேய்ச்சா இரும்புத் துணுக்கு மேல பதிஞ்சு, ரெண்டே நாள்ல பழுப்புப் புள்ளி வரும். பாலிஷ் முடிஞ்சதும் எண்ணெய்ப் பசை போக சோப்புத் தண்ணியில கழுவுங்க. மளிகைக் கடையில கிடைக்கிற எலுமிச்சை உப்பு சிட்ரிக் அமிலம்தான். அதை எடைக்கு 4 முதல் 10 சதவீதம் தண்ணியில கரைச்சு, குறைஞ்சது 20 நிமிஷம் ஊற வெச்சு நல்லா அலசுங்க. ஏஎஸ்டிஎம் ஏ967 தரநிலையிலேயே இந்த முறை இருக்கு. நைட்ரிக் அமிலமும் அதுல உண்டு, ஆனா அதை வீட்டுப் பக்கமே கொண்டு வராதீங்க.

புரொப்பெல்லரைப் படகிலிருந்து கழற்றின பிறகுதான் இதெல்லாம். பஃப் மெஷின்ல நிற்கிறப்போ கையில துணிக் கிளவுஸ் வேண்டாம், சக்கரம் துணியோட விரலையும் சேர்த்து இழுத்துடும். கைக்குட்டை கட்டிக்கிட்டு பாலிஷ் போடுறவங்களை நீங்க பார்த்திருக்கலாம். அந்தத் தூசியில குரோமியமும் நிக்கலும் இருக்கு, கைக்குட்டை அந்த நைசான தூசியைத் தடுக்காது. என்95 மாஸ்க், கண்ணாடி ரெண்டும் போட்டுக்கோங்க. முதல் முயற்சிக்கு உங்க வீட்டுப் பழைய தட்டு ஒண்ணை எடுங்க, அம்மாகிட்ட கேட்டுட்டு.