மை பூசினால் மின்சாரம்... மிச்சம் எங்கே போகும்?

மின்சாரம் தயாரிப்பதன் அழுக்குப் பக்கம் வடசென்னை பேசின் பிரிட்ஜுக்குப் பழக்கம்தான். 1996இல் நாப்தா எரிக்கும் 120 மெகாவாட் காஸ் டர்பைன் நிலையம் இங்கே வந்தது. நாப்தா விற்ற விலையில் அது ஓடியதைவிட ஓய்ந்து கிடந்ததே அதிகம். வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்து கிடக்கிறது. இனி புகையே வேண்டாம், துகளைப் பூசி வெயிலில் வைத்தால் போதும் என்கிறார்கள்.

வழக்கமான சோலார் செல்லின் சிலிக்கான் வில்லை சுமார் 150 மைக்ரான் கனம். மென்படல செல்லுக்கு இரண்டு, மூன்று மைக்ரான் போதும். ஆனால் படலத்தைப் படியவைக்க வெற்றிட அறை கேட்கும். பணம் அங்கேதான் கரைகிறது. அதைத் தவிர்க்க, தாமிரம், இண்டியம், கேலியம் ஆக்சைடுகளை நானோ அளவில் பொடியாக்கி, மையாகக் கலக்கி, உலோகத் தகட்டில் சீராக இழுத்து, செலினிய ஆவியில் சுமார் 500 டிகிரியில் சுடுகிறார்கள். வண்ணாரப்பேட்டையில் தாம்பூலப் பைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவருக்கு முதல் பாதி வேலை புதிதல்ல. வம்பு சூட்டில்தான். துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் துளை விழுந்தால் செல் ஷார்ட் ஆகிவிடும். வெற்றிட அறை இல்லாத இன்னொரு வழியாக, காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியில் முலாம் பூசும் முறையிலேயே கேட்மியச் சேர்மப் படலங்களை வளர்த்துப் பார்த்தார்கள்.

கலிஃபோர்னியாவில் ஒரு நிறுவனம் 2007 டிசம்பரில் மை அச்சு பேனலை அனுப்பத் தொடங்கி, 2013இல் கடையை மூடியது. 2008இல் கிலோ 400 டாலரைத் தொட்ட, சிலிக்கான் செல்லின் மூலப்பொருளான பாலிசிலிக்கான், 2012 முடிவதற்குள் 20 டாலர் பக்கம் சரிந்துவிட்டதே, என்ன செய்வது!

ஆனாலும் மென்படலம் நம் வாசலுக்கு வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் ஆண்டுக்கு 3.3 கிகாவாட் கேட்மியம் டெல்லூரைடு பேனல் செய்யும் ஆலை 2024இல் திறக்கப்பட்டது. கண்ணாடிக்குள் அடைபட்ட கேட்மியம் வெளியேறாது, பெரிய ஆலைகள் மறுசுழற்சி செய்கின்றன என்கிறார்கள். இருக்கட்டும்.

என் கவலை உடைந்த பேனலைப் பற்றி. 2022 மின்கழிவு விதிகள், சோலார் கழிவை 2034-35 வரை தயாரிப்பாளரே சேமித்து வைக்கச் சொல்கின்றன. மொட்டைமாடியில் உடைந்தது தயாரிப்பாளரைத் தேடியா போகும்? புளியந்தோப்பு காயலான் கடைக்குத்தான் வரும். அலுமினியச் சட்டத்துக்கு எடைக்கு விலை உண்டு. ஒயரை உரித்தால் தாமிரம். படலம் ஒட்டிய கண்ணாடியை யாரும் கேட்கமாட்டார்கள், கொடுங்கையூர் குப்பைமேடும் பக்கத்தில்தான். மலிவான மை முறை குடிசைத் தொழிலானால், பொடி அரைப்பவர் மூச்சுக்குள் போவது தனிக் கணக்கு.

நீலகிரியில் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். பேனலுக்கும் அப்படி ஒரு தொகை வைத்தால், காயலான் கடைக்காரரே அதை உடைக்காமல் கட்டி லாரியில் ஏற்றிவிடுவார்.