ஆபரேஷனுக்கு முன்னும் ஊசி, பின்னும் ஊசி!

வயிற்று ஆபரேஷன் முடிந்த மறுநாள் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் என்ன கேட்பார் தெரியுமோ? "காத்து பிரிஞ்சுதா?" கத்தி பட்ட வயிற்றில் குடலும் கொஞ்ச நாள் வேலைநிறுத்தம் செய்யும். உப்புசம் உயிரை எடுக்கும்.

இந்தப் பாழாய்ப்போன காற்றுதான் அக்குபங்சரை அமெரிக்காவில் பிரபலமாக்கியது! 1971 ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு, பீகிங் போன இடத்தில் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். 'ஊசியைக் குத்தியே வயித்தைக் கிழிச்சாங்களாம்' என்று இன்னமும் கதை விடுகிறார்கள். அதெல்லாம் இல்லை சார். மரத்துப்போக வைத்தது வழக்கமான மருந்துதான். ஆபரேஷனுக்குப் பிறகு வயிறு உப்பி மனுஷர் அவஸ்தைப்பட்டபோதுதான் அக்குபங்சர் வந்தது. வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் மெல்லிய ஊசிகள், வயிற்றருகே மூலிகைப் புகை. காற்றை விரட்ட இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அவருக்கே தோன்றியதாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் உப்புசம் தணிந்தது. ஜூலை 26 பேப்பரில் எழுதிவிட்டார்.

ஒருத்தருக்குக் கேட்டது ஊருக்கே கேட்குமா? டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள். வலி விஷயத்தில் முடிவுகள் முன்னே பின்னே. நன்றாகத் தேறியது மணிக்கட்டுப் புள்ளி. உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரற்கடை மேலே, இரண்டு நரம்புக் கயிறுகளுக்கு நடுவே இருக்கிறது. மயக்க மருந்துக்குப் பின் வரும் குமட்டல், வாந்தியை இது குறைக்கிறது என்று 2015-ல் 59 ஆய்வுகளை அலசிய காக்ரேன் குழு சொன்னது. ஊசிகூட வேண்டாம், விரலால் அழுத்தினாலும் பட்டை கட்டினாலும் போதும். தையல் போட்ட வயிற்றோடு வாந்தி எடுத்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்!

பிரம்மதேசத்திலிருந்து முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கோ, ஜிப்மருக்கோ ஆபரேஷனுக்குக் கிளம்புகிறவர்கள் மயக்க டாக்டரிடம் இதைத் தாராளமாகக் கேட்கலாம். "ஊசியிலேயே கல் கரைஞ்சிடும், ஆபரேஷன் எதுக்கு?" என்று யாராவது சொன்னால் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். இது துணைக்கு வருகிற வைத்தியம். பி.பி., சுகர் மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி, கண்ணெதிரே பிரித்த புது ஊசிதானா என்று பாருங்கள்.

பட்டை கட்டியிருந்தால் தியேட்டர் வாசலிலேயே நர்ஸம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வளையல், மோதிரத்தோடு அதையும் கழற்றி உங்க வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடப் போகிறார்!