தையல் இயந்திரம் எங்கே வாங்குவது?



இயற்பியல் படிக்கும் மாணவனுக்குத் தையல் இயந்திரத்தில் என்ன வேலை என்று தலைப்பைக் கண்டதும் உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டுப் படியுங்கள். ஊரை விட்டுத் தில்லிக்கு வந்து படிக்கும் நம்மில் சிலருக்கேனும், தாயோ தமக்கையோ தைத்துச் சேர்த்த காசுதான் கல்லூரிக் கட்டணமாக மாறியிருக்கிறது. என் கதையும் அதுவே. நான் 6 வயதுச் சிறுவனாக இருந்தபோது விழுப்புரம் பக்கத்திலிருந்து எங்கள் குடும்பம் இங்கே வந்தது. யமுனைக்குக் கிழக்கே ஓர் அறை வீடு. அம்மா அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தும், சேலைக்கு ஓரம் அடித்தும் என்னை முதுநிலை வகுப்பு வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

சென்ற ஆண்டு மார்கழியில் அவருடைய பழைய இயந்திரம் உழைத்து ஓய்ந்தது. மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம் என்னிடம் இருந்தது. "அம்மாவுக்கு நானே வாங்கித் தருகிறேன்" என்று பெருமையோடு கிளம்பினேன். கடைத்தெருவில் விசாரித்தேன், இணையக் கடையிலும் பார்த்தேன். அதே நிறுவனம், அதே கறுப்பு இயந்திரம், இணையத்தில் ரூ. 900 குறைவு. கடைக்காரர் விலையைக் குறைக்கவில்லை. "வீட்டுக்கு வந்து பூட்டித் தருவோம்; ஓர் ஆண்டு எப்போது கூப்பிட்டாலும் வருவோம்" என்றார். பூட்டுவதற்கு ஒரு திருப்புளி போதாதா, அதற்கு ரூ. 900-ஆ என்று எண்ணி இணையத்திலேயே வாங்கினேன்.

பெட்டி மூன்றாம் நாள் வந்தது. படத்தில் மேசையும் மிதிகாலும் சேர்ந்த முழு இயந்திரம் இருந்தது. வந்ததோ மேற்பகுதி மட்டும். விளம்பரத்தின் கீழே சிறிய எழுத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்; படிக்காதது என் பிழை. வீட்டில் பழைய மேசை இருந்ததால் அதில் பொருத்தினேன். அம்மா மிதித்தார். நாலு தையல் விழுந்தால் இரண்டு தையல் விட்டுப் போயிற்று. ஊசியை மாற்றினோம், நூலை மாற்றினோம், எண்ணெய் விட்டோம், பயனில்லை. விற்றவர்களிடம் முறையிட்டால், எங்கள் பகுதிக்குப் பணியாளரை அனுப்ப வசதியில்லை என்றும், மாற்று இயந்திரம் வர 10 நாள் ஆகும் என்றும் விடை வந்தது. பொங்கலுக்கு இருந்ததோ 9 நாள். அம்மாவின் கையில் இருந்ததோ 14 ரவிக்கைத் துணிகள்.

எட்டை, பக்கத்து வீட்டு இயந்திரத்தில் இரவு நேரத்தில் தைத்து முடித்தார். மீதி ஆறையும் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அந்த ஆறு வீடுகளுக்கும் அம்மா தாமே நடந்து போனார். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இயந்திரத்துக்குள் நடப்பது என்ன?

அந்த இரவுகளில்தான் நான் தையல் இயந்திரத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அதை விளக்கினால், வாங்கும் இடம் ஏன் முக்கியம் என்பது தானே விளங்கும்.

வீட்டு இயந்திரம் இரண்டு நூல்களால் தைக்கிறது. ஒரு நூல் மேலே ஊசியின் காதில் இருக்கிறது. மற்றொன்று கீழே பாபினில் இருக்கிறது. ஊசி துணியைத் துளைத்து அடிவரை இறங்கி, மீண்டும் மேலே ஏறத் தொடங்குகிறது. சுமார் 2 மில்லிமீட்டர் ஏறும்போது, துணி பிடித்து நிறுத்துவதால் நூல் ஊசியோடு ஏற மாட்டாமல் பக்கத்தில் சிறு வளையமாகப் புடைக்கிறது. அந்தக் கணத்தில் கீழே உள்ள கொக்கியின் கூர்முனை ஊசிக் காதுக்குச் சற்று மேலே வந்து, வளையத்தைப் பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் இரு நூலும் பின்னிக்கொள்ளும். கொக்கிக்கும் ஊசிக்கும் இடையே ஒரு தாள் அளவு இடைவெளிதான் உண்டு. முனை சற்று முந்தினாலும் பிந்தினாலும், ஊசி சற்று உயர்ந்து நின்றாலும், வளையம் கொக்கிக்கு அகப்படாது. தையல் விட்டுப் போகும்.

ஆகவே தையல் இயந்திரம் அண்டா குண்டா போன்ற பொருளன்று, வீணை போன்றது. வீணையைக் கடையில் வாங்கலாம். சுருதி சேர்த்தால்தான் அது வீணை. தொழிற்சாலையில் சேர்த்த சுருதி, வண்டியில் குலுங்கி, படியில் உருண்டு நம் வீட்டுக்கு வரும்வரை நிற்குமா என்பது நம் நல்வினையைப் பொறுத்தது.

விற்கத் தொடங்கியவர்களும் இதை அறிந்தே இருந்தார்கள். இரு நூல் பின்னும் இயந்திரத்துக்கு எலியாஸ் ஹோவ் 1846-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851-இல் பெற்றார். சிங்கர் நிறுவனம் 1856-இல் தவணை முறையைக் கொண்டுவந்தது. வீடு தேடிச் சென்று இயக்கிக் காட்டவும் கற்றுக்கொடுக்கவும் ஆட்களை வைத்தது. பொருளோடு ஆளையும் சேர்த்து விற்றதால்தான் அது உலகெங்கும் பரவியது. 1924-இல் இதே தில்லியில் காந்தியடிகள், பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமம் அமைத்த கோ. ராமச்சந்திரனோடு உரையாடியபோது, இயந்திரங்களைக் குறை கூறிவந்த அவரே தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனிதனின் கைக்கு ஓய்வு தரும் இயந்திரம் என்பது அவர் கருத்து. ஓய்வு தருவதற்கு அது முதலில் ஓட வேண்டும் அன்றோ?

எதை எங்கே வாங்கலாம்?

இணையக் கடை தீது, உள்ளூர்க் கடை நன்று என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் தெருவில் ஓர் அம்மையார் கடையிலேயே வாங்கினார். "ரசீது வேண்டாம், 500 ரூபாய் குறைத்துக்கொள்கிறேன்" என்றார் கடைக்காரர், அம்மையாரும் மகிழ்ந்தார். இரண்டு மாதத்தில் இயந்திரம் பழுதானபோது, "இது என் கடைச் சரக்கே இல்லை" என்றுவிட்டார் அதே மனிதர். பெரிய நிறுவனத்தின் பெயரை ஓர் எழுத்து மாற்றி ஒட்டிய போலிச் சரக்கு அது. ஆகவே இடத்தைவிடப் பொருளின் வகையைப் பார்த்து முடிவு செய்வதே அறிவுடைமை.

மின்சாரத்தில் ஓடும் சிறிய வீட்டு இயந்திரம் முழுமையாகப் பூட்டப்பட்டு ஒரே பெட்டியில் வருகிறது. அதன் நிறுவனத்துக்கு நம் ஊரில் பழுது பார்க்கும் நிலையம் உண்டு என்று முன்கூட்டியே உறுதி செய்துகொண்டால், இணையத்தில் வாங்கலாம். பல வகைகளை ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும் அங்கேதான் உண்டு.

காலால் மிதிக்கும் இயந்திரத்தையும், தையற்கடைகளில் வைக்கும் பெரிய இயந்திரத்தையும் கடையில் வாங்குவதே நலம். மேசை, தோல் வார், மிதிகால் யாவும் வீட்டில்தான் பூட்டப்பட வேண்டும். பெரிய இயந்திரத்துக்கு மோட்டார் இரு வகை. கிளட்ச் மோட்டார், தைக்காத போதும் ஓடிக்கொண்டே மின்சாரம் தின்னும். சர்வோ மோட்டார், மிதித்தால் மட்டுமே சுழலும். இரண்டையும் ஓட்டிக் காட்டச் சொல்லிக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சில நூறு ரூபாய்க்குக் கையடக்கமாக விற்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் ஒற்றை நூலால் சங்கிலித் தையல் போடுபவை. நூலின் முனையைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் பிரிந்துவிடும். பிழைப்புக்கு அவை உதவா.

ஊசி, பாபின் முதலியவற்றை இணையத்தில் தாராளமாக வாங்கலாம். ஆனால் வீட்டு இயந்திர ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பெரிய இயந்திரத்தின் ஊசித் தலை உருண்டையாக இருக்கும். ஒன்று மற்றதற்குப் பொருந்தாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கடைக்குப் போனால் நம் துணியையே எடுத்துச் செல்ல வேண்டும். மெல்லிய ரவிக்கைத் துணி, பட்டு, மடித்த தடித்த துணி ஆகிய மூன்றும் இருக்கட்டும். மேலே ஒரு நிறமும் கீழே வேறு நிறமுமாக நூல் கோத்துத் தைத்துப் பாருங்கள். மேல்நூல் அடியில் புள்ளியாகத் தெரிந்தாலும், கீழ்நூல் மேலே தெரிந்தாலும், நூலின் இறுக்கம் சரியில்லை என்று பொருள். அதைக் கடைக்காரரே திருத்திக் காட்டட்டும். இயந்திரத்தில் பொறித்த எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார், கூலி எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளையும் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

இணையத்தில் வாங்கினால் படத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள். பெட்டியைப் பிரிப்பதைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். பெட்டியை உடனே எறிந்துவிடாதீர்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் எல்லாத் துணியிலும் தைத்துப் பாருங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விற்பவரின் பெயரும் முகவரியும், திருப்பிக் கொடுக்கும் முறையும், குறைதீர்க்கும் அதிகாரியின் விவரமும் இணையக் கடையில் காட்டப்பட வேண்டும். எங்கே வாங்கினாலும் ரசீது இருந்தால், 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கும் தொடுக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: கையில் வேலை நிறைந்திருக்கும் நாளில் புது இயந்திரம் வாங்காதீர்கள். அதற்குப் பத்து நாள் முன்போ பின்போ வாங்குங்கள்.

ஒரு திருகு

பொங்கல் கழிந்த மறுவாரம், நான் வேண்டாமென்று வந்த அதே கடைக்கு அம்மா போனார். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. முதியவர் ஒருவரை அனுப்பினார்கள். அவர் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். ஊசி ஏறி இறங்குவதைக் குனிந்து பார்த்தார். "ஊசித் தண்டைப் பிடிக்கும் திருகு சரியாக இறுகவில்லை. வழியில் தண்டு மேலே ஏறிவிட்டது" என்று இந்தியில் சொன்னார். திருகைத் தளர்த்தி, தண்டை மயிரிழை கீழே இறக்கி, மீண்டும் இறுக்கினார். இருபது நிமிடம், கூலி ரூ. 300. அன்று முதல் அந்த இயந்திரம் ஒரு தையலும் விடவில்லை. இதை எழுதும் இந்நேரமும் அடுத்த பக்கத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆக, இயந்திரத்தில் பெரிய குறையில்லை. விலை பேசியபோது நான் இரும்பை மட்டும் கணக்கிட்டேன். அதைச் சரிசெய்யும் கையைக் கணக்கில் சேர்க்கவில்லை. ரூ. 900 மிச்சம் பிடித்தேன். ரூ. 300 கூலியாகப் போயிற்று. ஆறு ரவிக்கைகளின் தையற்கூலியும் போயிற்று. அந்த ஆறு வீடுகளில் நான்கு வீட்டார் திரும்பி வந்துவிட்டார்கள். இரண்டு வீட்டார் இன்னும் வரவில்லை.

நண்பர்களே, நீங்களும் ஒருநாள் முதல் சம்பளத்தில் வீட்டுக்கு ஏதேனும் ஓர் இயந்திரம் வாங்கப் போகிறீர்கள். இணையத்தில் வாங்குங்கள், கடையில் வாங்குங்கள். ஆனால் விலையைக் கேட்குமுன், "இது நின்றுபோனால் யார் வருவார்?" என்று கேளுங்கள். அதற்கு விடை கிடைக்கும் இடத்திலேயே வாங்குங்கள்.